ஓடாமல் உட்கார்ந்த மான்கள்

கரட்டுச் சரிவில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்தது. குட்டிகளோடு சேர்த்து அறுபது இருக்கும். சரிவின் ஓரத்து வேங்கை மரங்களில் ஒரு மந்திக் கூட்டம் இருந்தது. சாம்பல் உடம்பு, கரிய முகம், உடம்பைவிட நீளமான வால். அந்த மந்திகளின் தலைவன் பெயர் வாலப்பன்.

மான்களுக்கும் மந்திகளுக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. மந்திகள் மரத்தின் உச்சியிலிருந்து நாலாபுறமும் பார்க்கும். புலி தெரிந்தால் குரல் கொடுக்கும். குரல் கேட்டதும் மான்கள் மறுகேள்வி கேட்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். எங்கே மேய்வது, எங்கே தண்ணீர் குடிப்பது என்பதையும் வாலப்பனே சொல்வான். காவல் காப்பவன் சொல்வதைக் கேட்பதுதானே முறை என்று மான்களும் இருந்துவிட்டன.

சரிவுக்குக் கீழே, அத்தித் தோப்பைத் தாண்டி, ஓர் ஆறு ஓடியது. மான்கள் அங்கே போகக் கூடாது.

"ஆற்றங்கரையில் புலி இருக்கிறது. மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்பான் வாலப்பன். மழை முடிந்தால், "பனி விலகட்டும்" என்பான். பனி விலகினால், "வெயில் தணியட்டும்" என்பான். இப்படியே ஆறு வருஷம் போய்விட்டது.

மான்கள் சரிவிலிருந்த செம்மண் குட்டையில் குடித்தன. கோடையில் அதில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம். அதைக் குடித்துக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். ஒவ்வொரு கோடையிலும் மூன்று நான்கு குட்டிகள் எழுந்திருக்காமலே போகும்.

அந்தக் கூட்டத்தில் தும்பை என்று ஓர் இளம் பெண்மான் இருந்தாள். அவளுக்கு மூன்று வயது. ஆற்றை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் அதன் சத்தம் மட்டும் கேட்கும். அவள் மேய்வதை நிறுத்திவிட்டு நின்று கேட்பாள்.

"அம்மா, ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

தாய் செவலை குட்டையின் பக்கம் பார்த்தாள். போன கோடையில்தான் அவள் தன் கடைசிக் குட்டியைப் பறிகொடுத்திருந்தாள்.

"குடித்த பிறகு நாக்கில் மண் ஒட்டியிருக்காது. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்து என்ன ஆகப்போகிறது? புல்லைத் தின்னு" என்றாள் செவலை.

அந்த வருஷக் கோடை கடுமையாக இருந்தது. தும்பையும் இன்னும் ஆறு இளம் மான்களும் வாலப்பன் இருந்த மரத்தடிக்குப் போய் நின்றன. அவற்றில் முளையன் என்பவன்தான் வயதில் சிறியவன். அவனுக்கு அப்போதுதான் கொம்பு முளைத்திருந்தது. மேலே மூடியிருந்த தோல்கூட இன்னும் உரியவில்லை.

"ஐயா, குட்டிகளை மட்டுமாவது ஆற்றுக்குக் கூட்டிப்போக அனுமதி கொடுங்கள்" என்றாள் தும்பை.

வாலப்பன் அன்பாகச் சிரித்தான். "உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறேன், பிள்ளைகளே. யோசித்துச் சொல்கிறேன்" என்றான். சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய ஒரு குரல் கொடுத்தான்.

"புலி! புலி!"

கூட்டம் முழுவதும் மேட்டுக்கு ஓடியது. தும்பையும் ஓடினாள். மேட்டின் உச்சியில் மூச்சிரைக்க நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. காற்று ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. அதில் ஈர மண் வாசனை இருந்தது. அத்திப்பழ வாசனை இருந்தது. புலி வாசனை மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கவனித்தாள். யாராவது ஒரு மான் தோப்பின் பக்கம் நான்கு அடி கூடுதலாக எடுத்து வைத்தால் குரல் வந்தது. மூன்று பேர் கூடிப் பேசினாலும் வந்தது. மூன்று முறை அவள் மூக்கை உயர்த்திப் பார்த்தாள். மூன்று முறையும் புலி இல்லை.

முளையனிடம் இதைச் சொன்னபோது அவன் தலையைத் தாழ்த்திக் கொம்பை மண்ணில் உரசினான். "ஒரே முட்டு, அக்கா. அவரைக் கீழே தள்ளிவிடுகிறேன்."

"அவர் மரத்தின் மேல் இருக்கிறார். நீ எதை முட்டுவாய்? மரத்தையா?"

முளையன் கொம்பை உரசுவதை நிறுத்தினான்.

தும்பை சொன்னாள்: "அவருக்கு நகமும் பெரிதில்லை, பல்லும் பெரிதில்லை. அவரிடம் இருப்பது நம்முடைய கால்கள்தான். அவர் கத்துகிறார், நம் கால்கள் ஓடுகின்றன. நாம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால் அவர் என்ன செய்வார்?"

மறுநாள் காலை அந்த ஏழு மான்களும் ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் முகப்பில் போய் உட்கார்ந்தன. யாரையும் ஏசவில்லை. தோப்புக்குள் காலும் வைக்கவில்லை. அசைபோட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

குரல் வந்தது. "புலி! புலி!"

பின்னால் ஐம்பது மான்களின் குளம்பொலி இடி மாதிரி மேட்டை நோக்கிப் போனது. ஏழு மான்களின் உடம்பும் நடுங்கியது. பிறந்த நாள் முதல் ஓடப் பழகிய கால்களை மடக்கி வைத்திருப்பது அவ்வளவு லேசான காரியமல்ல. ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முளையன் தும்பையின் தோளில் தன் தோளை ஒட்டிக்கொண்டான்.

நேரம் போனது. புல் அசைந்தது, நின்றது. ஒரு மைனா பாதையில் இறங்கிப் புழு பொறுக்கியது. புலி வரவில்லை.

"அக்கா, கேட்கிறதா? காலையில் ஆறு ஒரு மாதிரி பேசுகிறது. வெயில் ஏறினால் வேறு மாதிரி பேசுகிறது. இத்தனை நாள் ஓடிக்கொண்டே இருந்ததில் எனக்கு இது தெரியவே இல்லை" என்று முளையன் மெல்லச் சொன்னான்.

சாயங்காலம் கூட்டத்துக்குத் திரும்பிய மகளைச் செவலை முட்டித் தள்ளினாள்.

"நான் உன்னை ஓடப் பழக்கித்தான் வளர்த்தேன். என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள். ஓடியதால்தான் நாம் இருக்கிறோம். நீ உட்கார்ந்து சாகப்போகிறாயா?"

"ஓடியும் தம்பி செத்துத்தானே போனான், அம்மா?"

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் பன்னிரண்டு மான்கள் உட்கார்ந்தன. ஐந்தாம் நாள் இருபத்தெட்டு. எல்லாம் இளசுகள். பெரியவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். குரல் வந்தால் ஓடினார்கள். ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாலப்பனுக்குத் தீனி இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகத்தான் தின்றான். ஆனால் தூக்கம் கெட்டது. அவன் கிளையில் எழுந்து நின்று பெரியவர்களிடம் பேசினான்.

"பாதையில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்கள் புலியின் ஆட்கள். நீங்கள் ஓடக் கூடாது என்று யாருக்கு ஆசை? புலிக்குத்தானே?"

சிலர் தலையாட்டினார்கள். அன்று மதியம் மந்திகள் விளாமரத்தில் ஏறிக் காய்களைப் பறித்து, பாதை முகப்பில் உட்கார்ந்திருந்த மான்கள்மேல் வீசத் தொடங்கின. விளாங்காய் கல்லைப் போன்றது. ஒரு குட்டிக்கு நெற்றி வீங்கியது. ஒருத்திக்குக் காது கிழிந்தது. ஒரு காய் முளையனின் பின்னங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டது.

முளையன் கொம்பைத் தூக்கினான். மரத்திலிருந்து ஒரு சின்ன மந்தி காய் பொறுக்கக் கீழே இறங்கியிருந்தது. அவன் எட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். அவன் அதைப் பார்த்தான். பிறகு தலையைப் புல்லில் வைத்துக்கொண்டான்.

"வலிக்கிறது, அக்கா" என்று மட்டும் சொன்னான்.

வேங்கை மரத்தின் உச்சிக் கிளையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இமையாள். அவள் மந்திக் கூட்டத்தில் இளையவள். கண் கூர்மையானவள். அதனால்தான் அவளை உச்சியில் காவலுக்கு வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை வாலப்பன் அவளைப் பார்த்து வாலை ஆட்டினான். குரல் கொடு என்பதற்கு அதுதான் அடையாளம்.

இமையாள் நாலாபுறமும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

வாலப்பன் மறுபடியும் வாலை ஆட்டினான்.

"புலி எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டாள் இமையாள்.

"நான் சொன்னால் இருக்கிறது."

"எனக்குத் தெரியவில்லை. தெரியாததை என் வாயால் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். பெரிய மந்திகள் அவளைக் கடித்து விரட்டின. அவளுடைய தாய் கிளையின் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இமையாள் ரத்தம் கசியக் கீழே இறங்கினாள். பாதை முகப்பில் தனியாக ஒரு மருத மரம் நின்றது. அதன் அடியில் வந்து, மான்களுக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள்.

"நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை. நானும் பலமுறை பொய்க்குரல் கொடுத்தவள்தான். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆற்றுக்கு வந்தால் அத்திப்பழம் தின்றுவிடுவீர்கள் என்று எங்கள் தலைவருக்குப் பயமில்லை. பழம் எல்லாருக்கும் போதும். நீங்கள் இந்தச் சரிவில் நின்றால் புலி முதலில் இந்தச் சரிவுக்குத்தான் வரும். அந்தத் தைரியத்தில் அவர் குடும்பம் ஆற்றங்கரையில் தரையிறங்கி நிம்மதியாகத் தின்னும். அதற்காகத்தான் உங்களை இங்கேயே வைத்திருக்கிறார்."

தும்பை எழுந்து போய் அவளுடைய காயத்தை நக்கிவிட்டாள்.

"இந்த மரத்தில் ஏறிக்கொள். உன் கண்ணில் பட்டால் சொல். படாவிட்டால் சொல்லாதே. எங்களுக்கு அது போதும்" என்றாள்.

அந்தச் செய்தி கூட்டம் முழுவதும் பரவியது. ஆனால் செய்தி பரவியதும் எல்லாம் மாறிவிடவில்லை. பெரியவர்களில் சிலர் வாலப்பன் கத்தினால் பாதி தூரம் ஓடி நின்றார்கள். சிலர் ஓடவே இல்லை. ஆனால் பாதை முகப்புக்கு வரவும் இல்லை. நாட்கள் போகப் போகப் புல் கருகியது. உட்கார்ந்திருந்த இளசுகளின் விலா எலும்பு தெரிந்தது. ஒவ்வொன்றாக எழுந்து போயின. "அம்மாவுக்கு முடியவில்லை" என்றது ஒன்று. ஒன்று எதுவும் சொல்லாமலே போனது. இருபத்தெட்டு பதினொன்றாகக் குறைந்தது.

"எல்லாரும் போய்விடுவார்களோ, அக்கா?" என்று முளையன் கேட்டான். அவன் கால் கோணலாகக் கூடியிருந்தது. நடக்க முடிந்தது, ஓட முடியாது.

"போனவர்களும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் மேய்கிறார்கள். பார்" என்றாள் தும்பை.

முளையன் பார்த்தான். உண்மைதான். சரிவெங்கும் தலைகள் குனிந்திருந்தன, காதுகள் மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தன.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை நேரத்தில் வாலப்பன் குரல் கொடுத்தான். அன்று அது உண்மையான குரல். பக்கத்துப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து புலி சரிவை நோக்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் மான்களுக்கு வாசனை எட்டவில்லை.

"புலி! புலி!" என்று வாலப்பன் கத்தினான். குரல் உடைந்தது.

பெரிய மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வழக்கமான சத்தம்தானே என்று மறுபடியும் குனிந்தன.

அப்போது மருத மரத்திலிருந்து இமையாள் கத்தினாள். மூன்று வாரமாக அந்த மரத்திலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை.

பாதை முகப்பிலிருந்த மான்கள் ஒரே துள்ளலில் எழுந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்ததும் சரிவிலிருந்த அத்தனை மான்களும் ஓடின. தாய்மான்கள் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறின. ஐம்பத்தொன்பது மான்கள் தப்பின.

முளையனால் ஓட முடியவில்லை.

புலி போன பிறகு கூட்டம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பாதை முகப்பில் புல் நசுங்கிக் கிடந்தது. தும்பை அந்த இடத்தில் நின்றாள். அவள் அழவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

வாலப்பன் கிளையின் நுனிவரை வந்து பேசினான். "பார்த்தீர்களா? புலி இருக்கிறது என்று நான் சொன்னேன் இல்லையா? என் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி நடக்குமா?"

தும்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"புலி இல்லை என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை, ஐயா. புலி இல்லாத காட்டையும் நாங்கள் கேட்கவில்லை. புலி வரும்போது வருகிறது என்றும், வராதபோது வரவில்லை என்றும் சொல்லும் ஒரு குரலைத்தான் கேட்டோம். முளையனுக்கு ஓட நல்ல கால் இருந்தது. அதை உடைத்தது புலி இல்லை."

சொல்லிவிட்டு அவள் அதே இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து செவலை நடந்து வந்தாள். மகளின் பக்கத்தில் நின்று, ஒருமுறை மேட்டைத் திரும்பிப் பார்த்து, வயதான கால்களைச் சிரமப்பட்டு மடக்கி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு தாய் வந்தாள். காது கிழிந்தவள் வந்தாள். கிழட்டு ஆண்மான்கள் வந்தன. குட்டிகள் இடுக்கில் புகுந்து உட்கார்ந்தன. வெயில் உச்சிக்கு வந்தபோது சரிவில் நின்றுகொண்டிருந்த மான் ஒன்றுகூட இல்லை.

வாலப்பன் கத்தினான். யாரும் எழவில்லை. எல்லாரும் மருத மரத்தைப் பார்த்தார்கள். இமையாள் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். வாலப்பன் மறுபடியும் கத்தினான். மறுநாளும் கத்தினான். மூன்றாம் நாள் அவன் குரல் கட்டிப்போனது. அன்று மதியம் இமையாளின் தாய் வேங்கை மரத்திலிருந்து இறங்கி வந்து, மருத மரத்தில் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் வேறு பல மந்திகளும் வந்துவிட்டன.

வாலப்பனை யாரும் அடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. அவன் அதே வேங்கை மரத்தில்தான் இருந்தான். அவன் சொல்லுக்கு அசைய ஒரு கால் இல்லை, அவ்வளவுதான்.

மான்களும் மந்திகளும் கூடிப் புதிய ஏற்பாடு செய்துகொண்டன. காவலுக்கு யார் ஏறுவது என்பதை இரண்டு கூட்டமும் சேர்ந்து முடிவு செய்யும். பொய்க்குரல் கொடுத்தவர் அன்றே இறங்க வேண்டும். முதல் காவலுக்கு இமையாளை ஏற்றினார்கள். எங்கே குடிப்பது என்பதைக் குடிப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் நாள் காலையில் மான்கள் அத்தித் தோப்பின் வழியாக ஆற்றுக்கு இறங்கின. யாரும் ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

ஆறு தும்பை நினைத்திருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. கோடை அதை மெலிய வைத்திருந்தது. மணல்மேட்டில் பழைய புலித்தடம்கூட இருந்தது. ஆனால் தண்ணீர் தெளிந்து ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. குட்டிகள் முதலில் பயந்து, பிறகு முழங்கால் அளவு இறங்கிக் குடித்தன.

தனக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே தும்பை நின்றிருந்தாள். அதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்தாள்.

அவளுக்கு மறுபுறம் செவலை நின்றிருந்தாள். குடிக்கவில்லை. தலையைத் தாழ்த்துவாள், மூக்கு தண்ணீரைத் தொடும், உடனே நிமிர்ந்து பின்னால் பார்ப்பாள். ஆறு வருஷத்துப் பயம் கழுத்தில் இருந்தது.

"யாரும் கத்தவில்லை, அம்மா. குடி" என்றாள் தும்பை.

"தெரியும். ஆனால் காதுதான் நம்ப மாட்டேன் என்கிறதே" என்றாள் செவலை.

தும்பை அவசரப்படுத்தவில்லை. தாயின் உடம்போடு ஒட்டி நின்றுகொண்டாள். மூன்றாவது முறை செவலையின் தலை தாழ்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம், நிமிராமல் குடித்தாள்.

பயத்தைக் காட்டி ஆள்கிறவனின் பலமெல்லாம் பயந்து ஓடுகிறவர்களின் கால்களில்தான் இருக்கிறது. இளையவர்கள் கைநீட்டாமல், இடம்விட்டு அகலாமல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் அந்தப் பலம் கரைந்துபோகும்.